இந்தியன் காபி ஹவுஸ்: தொழிலாளர்கள் மீட்ட பொதுக்கூடம்

இந்தியன் காபி ஹவுஸ் என்பது இந்தியாவின் பல மாநிலங்களில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படும் உணவகத் தொடர் ஆகும். அரசு வாரியம் மூட முடிவு செய்த காபிக் கடைகளை, அங்கே சமைத்தும் பரிமாறியும் வந்த ஊழியர்களே 1957 முதல் தங்கள் பொறுப்பில் எடுத்து நடத்தத் தொடங்கினர். இன்று நாடு முழுவதும் சுமார் 400 கிளைகள் உள்ளன.

ஊரார் கூடிப் பேசும் பழைய இடம் ஒன்று மூடப்படும்போது அல்லது இடிக்கப்படும்போது அதைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி உலகின் பல பகுதிகளில் எழுந்துள்ளது. இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய மதுவிடுதிகளைக் (பப்) காக்கும் இயக்கமாக அது வெளிப்பட்டது. இந்தியாவில் அதற்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு காபி ஹவுஸின் வரலாறே. காப்பாற்றப்பட்ட இடம், இடிக்கப்பட்ட இடம், வாடகை உரிமையை இழந்து இடம் மாறிய இடம் என மூன்று வகையும் இவ்வரலாற்றில் உள்ளன.

தோற்றம்

இந்தியாவில் விளைந்த காபியின் விற்பனையை வளர்ப்பதற்காக 1935இல் காபி தீர்வைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்கீழ் அமைந்த காபி தீர்வைக் குழு, மக்களிடையே காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்பும் நோக்குடன் 1936இல் பம்பாயின் சர்ச்கேட் பகுதியில் முதல் கடையைத் திறந்தது. அதற்கு 'இந்தியா காபி ஹவுஸ்' என்று பெயர். பின்னர் காபி வாரியம் இக்கடைகளை நடத்தியது. 1940களில் ஏறத்தாழ 50 கடைகள் இயங்கின.

தோட்டக் காபிக்கு விளம்பரமாகத் தொடங்கப்பட்ட இக்கடைகள் விரைவில் வேறொரு பயனையும் பெற்றன. ஒரு கோப்பை காபி வாங்கியவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மேசையில் அமர்ந்திருக்கலாம்; எழுந்து போகும்படி யாரும் சொல்வதில்லை. ஆகவே மாணவர், ஆசிரியர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், தொழிற்சங்கத்தினர், எழுத்தாளர் ஆகியோர் நாள்தோறும் கூடும் இடங்களாக அவை மாறின.

மூடலும் போராட்டமும்

1950களின் நடுப்பகுதியில் காபி வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. கடைகளை மூடிவிட்டு ஊழியர்களை வேலையிலிருந்து நீக்குவதே புதிய முடிவு. பரிமாறுவோர், சமையலர், பாத்திரம் கழுவுவோர் எனப் பல ஆண்டுகள் ஒரே வேலையில் இருந்தவர்கள் வாழ்வாதாரத்தை இழக்கும் நிலை உண்டானது.

இத்தொழிலாளர்களின் சங்கத்துக்கு வழிகாட்டியவர் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் தலைவராக விளங்கிய ஏ. கே. கோபாலன். 'ஏ.கே.ஜி.' என்று அழைக்கப்பட்ட இவர், கடைகளை மூடாமல் தொழிலாளர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆதரவு திரட்டினார். வேலையைத் திருப்பிக் கேட்பதோடு நிற்காமல், கடையையே கேட்டதுதான் இப்போராட்டத்தின் சிறப்பு. ஊழியர் உரிமையாளராகும்போது, வேலை, கடை இரண்டும் ஒருசேரக் காக்கப்படுகின்றன.

வாரியம் இறுதியில் இணங்கியது. 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் டெல்லியிலும் தொழிலாளர்களின் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. 'இந்தியா' என்ற சொல் 'இந்தியன்' என மாறியது. வாரியக் கடைக்கும் தொழிலாளர் கடைக்கும் இடையே பெயரளவில் உள்ள வேறுபாடு இந்த ஓர் எழுத்துதான். அடுத்தடுத்துப் புதுச்சேரி, திருச்சூர், லக்னோ, நாக்பூர், ஜபல்பூர், கொல்கத்தா, தலச்சேரி, புனே முதலிய இடங்களிலும் சங்கங்கள் உருவாயின.

கூட்டுறவு அமைப்பு செயல்படும் முறை

காபி ஹவுஸ் சங்கங்களில் உறுப்பினர்கள் அங்கே வேலை செய்பவர்களே. அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவே சங்கத்தை நடத்துகிறது. கூட்டுறவின் அடிப்படை விதி 'ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு' என்பதாகும். நிறுவனங்களில் பங்கின் அளவைப் பொறுத்து வாக்கின் வலிமை கூடும். கூட்டுறவில் அப்படிக் கூடாது. அதனால் பணம் படைத்த ஒருவர் பெரும்பங்கை வாங்கி, கடையை மூடி, இடத்தை விற்றுவிட முடியாது.

தமிழக மாணவர்களுக்கு இம்முறை புதிதன்று. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கப்பட்டது. கைத்தறி நெசவாளர்களின் தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தோன்றியது. சங்கரன்கோவில் போன்ற நெசவூர்களில் கூட்டுறவுச் சங்கம் என்பது அன்றாடம் புழங்கும் சொல். நெசவாளர் தறிக்காகச் சேர்ந்தது போலவே, காபி ஹவுஸ் ஊழியர்கள் அடுப்புக்கும் மேசைக்குமாகச் சேர்ந்தார்கள்.

கேரளத்தில்

கேரளத்தின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தலச்சேரியில் அடுத்தது தொடங்கியது. திருச்சூரையும் கண்ணூரையும் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு சங்கங்கள் மாநிலத்தின் கிளைகளைப் பகிர்ந்து நடத்துகின்றன. தொழிற்சங்கத்தைச் சேர்ந்த என். எஸ். பரமேஸ்வரன் பிள்ளை இங்குள்ள அமைப்பைக் கட்டி எழுப்பியவர்களுள் முதன்மையானவர். அவர் காபி ஹவுஸின் வரலாற்றை மலையாளத்தில் நூலாகவும் எழுதியுள்ளார்.

சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம், திருவனந்தபுரம் செல்லும் தென்மாவட்டத்தவர்களுக்கு நேரில் காணக் கிடைப்பது கேரளக் காபி ஹவுஸ்தான். வெள்ளை உடையும் விசிறி போல் விரிந்த தலைப்பாகையும் அணிந்த பரிமாறுநர்கள், மசால் தோசைக்குள்ளும் கட்லெட்டிலும் பீட்ரூட் கலந்த சிவப்பு மசாலா ஆகியவை அதன் அடையாளங்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள கிளையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தார். செங்கல்லால் ஆன அந்தச் சுருள் வடிவக் கட்டடத்தில், ஏறிச் செல்லும் சரிவுத் தளத்தின் ஓரமாகவே மேசைகள் அமைந்துள்ளன. பழைய கட்டடத்தைக் காப்பது மட்டுமின்றி, புதிதாக ஒரு நல்ல பொதுக்கூடத்தைக் கட்டவும் தொழிலாளர் சங்கத்தால் முடியும் என்பதற்கு இது சான்று.

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள காபி ஹவுஸ், யான் மார்டெல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' (2001) நாவலின் முன்னுரையில் இடம்பெற்றதால் உலக வாசகர்களுக்கும் அறிமுகமானது.

மூன்று நகரங்கள், மூன்று முடிவுகள்

கொல்கத்தா: கல்லூரித் தெருவில் உள்ள ஆல்பர்ட் ஹால் 1876இல் நிறுவப்பட்டது. 1942இல் காபி வாரியம் அங்கே கடை தொடங்கியது. மாநிலக் கல்லூரியும் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் அருகிலேயே இருந்ததால், அது மாணவர்களும் ஆசிரியர்களும் கூடும் கூடமாயிற்று. 1958இல் நிர்வாகம் அதை மூடியது. அவ்விரு கல்வி நிறுவனங்களின் பேராசிரியர்கள் அரசிடம் மனுக் கொடுத்து வலியுறுத்தியதால் அதே ஆண்டில் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஊழியர்கள் மட்டுமின்றி வாடிக்கையாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்ததே இங்கு வெற்றிக்குக் காரணம். இக்கூடத்தின் நண்பர் குழாம் ஒன்றை நினைவுகூர்ந்து மன்னா டே பாடிய பாடல் வங்காளத்தில் இன்றும் புகழ்பெற்றது.

டெல்லி: கன்னாட் பிளேஸ் பகுதியில் இருந்த காபி ஹவுஸ் அரசியல் பேச்சுக்குப் பெயர்பெற்றது. ஆளுங்கட்சியினர், எதிர்க்கட்சியினர், செய்தியாளர் எல்லாரும் அங்கே அமர்ந்து விவாதித்தனர். அவசரநிலைக் காலத்தில், 1976இல், அது இடிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் பின்னர் பாலிகா பஜார் என்ற தரையடிக் கடைவீதி அமைந்தது. காபி ஹவுஸ் அருகிலுள்ள மோகன் சிங் பிளேஸ் வளாகத்தின் மேல்தளத்துக்கு மாறியது. எதிர்ப்புத் தெரிவிக்கவே இடமில்லாத காலத்தில் கட்டடம் போயிற்று. ஆனால் சங்கம் கலையாமல் இருந்ததால் காபி ஹவுஸ் போகவில்லை.

பெங்களூரு: மகாத்மா காந்தி சாலையில் அரை நூற்றாண்டு இயங்கிய காபி ஹவுஸ் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. கட்டட உரிமையாளருடன் நடந்த வழக்கு சங்கத்துக்கு எதிராக முடிந்ததால், 2009 ஏப்ரலில் அக்கடை மூடப்பட்டது. கடைசி நாள்களில் பழைய வாடிக்கையாளர்கள் திரளாக வந்து விடைபெற்றனர். பின்னர் சர்ச் தெருவில் கடை மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஊழியர், அதே காபி. ஆனால் பழைய சன்னலோர மேசைகள் இல்லை.

இந்த மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். தொழிலைக் கைப்பற்றுவது ஒன்று. அது நடக்கும் நிலத்தையும் சுவரையும் கைப்பற்றுவது வேறு. 1957இல் தொழிலாளர்கள் முதலாவதை வென்றனர். இரண்டாவது பல ஊர்களில் பிறர் கையிலேயே இருந்தது. நகர நிலத்தின் விலை உயர உயர, ஒரு கோப்பை காபிக்கு இரண்டு மணி நேரம் அமரவிடும் கடைக்கு வாடகை கட்டுவது கடினமாகிறது.

இங்கிலாந்தின் கிராம மதுவிடுதிகள்

இங்கிலாந்தில் 'பப்' என்பது வெறும் மதுக்கடை அன்று. தேவாலயம், பள்ளி, அஞ்சலகம் ஆகியவற்றோடு கிராமத்தின் பொது இடங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. உணவு, கூட்டங்கள், விளையாட்டு, இசை எல்லாம் அங்கே நடைபெறும். பல மதுவிடுதிகள் பெரிய மதுவடிப்பு நிறுவனங்களுக்கோ சொத்து நிறுவனங்களுக்கோ சொந்தமானவை. விடுதியாக நடத்துவதைவிட வீடுகளாக மாற்றி விற்பதில் ஆதாயம் அதிகம் என்று உரிமையாளர் கருதும்போது சிக்கல் தொடங்குகிறது.

ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள பிரெஸ்டன் கிராமத்து மக்கள் 1980களின் தொடக்கத்திலேயே தங்கள் ஊரின் 'ரெட் லயன்' விடுதியைத் தாங்களே வாங்கினர். கம்பிரியா மாவட்டத்தின் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில் 'ஓல்டு கிரவுன்' விடுதியை 2003இல் ஊரார் கூட்டுறவு அமைத்து வாங்கினர்.

2011இல் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டம் (லோக்கலிசம் ஆக்ட்) இவ்வகை முயற்சிகளுக்கு வழி திறந்தது. ஊராட்சி அமைப்போ, குறைந்தது 21 உள்ளூர்வாசிகள் கொண்ட குழுவோ ஓர் இடத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' எனப் பட்டியலில் சேர்க்கும்படி உள்ளாட்சி மன்றத்திடம் கேட்கலாம். பட்டியலில் சேர்ந்த இடத்தை உரிமையாளர் விற்க விரும்பினால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர்க்குழு விருப்பம் தெரிவித்தால், பணம் திரட்டுவதற்காக மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிறுத்தி வைக்கப்படும். ஆனால் ஊர்க்குழுவுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டம் தருவது இடத்தை அல்ல. கால அவகாசத்தை மட்டுமே. பட்டியல் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

தெற்கு லண்டனின் நன்ஹெட் பகுதியில் 'ஐவி ஹவுஸ்' விடுதி 2012இல் மூடப்பட்டபோது அப்பகுதி மக்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தினர். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கினர். கடனும் பெற்றுக் கட்டடத்தை வாங்கி 2013இல் மீண்டும் திறந்தனர்.

லண்டன் மைடா வேல் பகுதியின் 'கார்ல்டன் டேவர்ன்' கதை வேறு வகையானது. 1920களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அவ்விடுதியைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பது பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் அனுமதியின்றி அது இடிக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் அதை முன்பு இருந்தபடியே திருப்பிக் கட்ட உத்தரவிட்டது. இடிப்பதற்கு முன்பே கட்டடத்தின் விவரங்கள் பதிவு செய்யப்பட்டிருந்ததால் அது இயலும் காரியமாயிற்று. 2021இல் விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. 2017 முதல் இங்கிலாந்தில் மதுவிடுதியை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் இங்கிலாந்தின் மதுவிடுதிக்கு நேரான இடத்தை மதுக்கடையில் தேடிப் பயனில்லை. 1987 முதல் இங்கே கள் இறக்கி விற்பதற்குத் தடை உள்ளது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. குடும்பத்தோடும் ஊராரோடும் கூடியிருக்கும் இடமாக மதுக்கடை இங்கே மதிக்கப்படுவதில்லை. அந்த வேலையை ஊர்ச்சாவடி, மடம், கோயில் மண்டபம், ஆலமரத்தடி, டீக்கடைப் பெஞ்சு, காபி ஹோட்டல் ஆகியவை செய்துவந்தன.

ஆனால் இவை எல்லாருக்கும் சமமாகத் திறந்திருந்தன என்று சொல்ல முடியாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல காபி ஹோட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் இருந்த இந்தப் பிரிவினை, பெரியார் முதலியோரின் எதிர்ப்பால் 1941இல் நீங்கியது. டீக்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிக் குவளை வைக்கும் கொடுமை அதன் பின்னும் பல ஊர்களில் தொடர்ந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் நுழைய யாருக்கும் தடை கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. தீண்டாமையை 17ஆம் பிரிவு ஒழிக்கிறது. எனவே ஒரு பழைய கூடத்தைக் காக்க வேண்டும் என்று கேட்கும்போது, அங்கே யார் யார் உட்கார முடிந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே கோப்பை என்ற வழக்கம் காபி ஹவுஸின் மதிப்பில் ஒரு பெரும்பகுதி.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் உள்ள பாதுகாப்பு பெரும்பாலும் கட்டடத்தின் பழைமையையும் கலைச்சிறப்பையும் சார்ந்தது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் குறைந்தது 100 ஆண்டு பழைமையான சின்னங்களைக் கருத்தில் கொள்கிறது. தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையம் அமைக்க 2012இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நீதிமன்றமும் துணைநின்றதுண்டு. சென்னை அண்ணா சாலையில் 1897இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது, இன்டாக் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2010இல் வந்த தீர்ப்பு அக்கட்டடத்தை இடிக்கத் தடை விதித்தது.

இச்சட்டங்கள் சுவரைக் காக்கும். சுவருக்குள் நடக்கும் பேச்சைக் காக்கா. மண்டபம் நின்றாலும், கம்பிக்கதவு போட்டுப் பூட்டிவிட்டால் அது ஊரின் பொதுக்கூடம் ஆகாது. மறுபுறம், கட்டடம் எளிய ஓட்டுக் கொட்டகையாக இருந்தால் எந்த மரபுப் பட்டியலிலும் இடம் பெறாது. ஆனால் ஊருக்கு அதுவே முக்கியமானதாக இருக்கலாம். கட்டடத்தின் சிறப்பைக் கேட்காமல், ஊருக்கு அது தரும் பயனைக் கேட்கும் இங்கிலாந்துச் சட்டத்தின் அணுகுமுறை இந்த இடத்தில் சிந்திக்கத்தக்கது.

காக்க முனைவோர் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து சில பொதுவான படிப்பினைகளைப் பெறலாம்.

1. உரிமை யாருடையது என்பதை முதலில் அறிதல். நிலம், கட்டடம், தொழில் ஆகிய மூன்றும் மூன்று பேரிடம் இருக்கலாம். ஊர்ச்சாவடி அல்லது மடம் என்றால், அது ஊராட்சிக்கோ, அறநிலையத் துறைக்கோ, ஒரு சமுதாயத்துக்கோ, தனியாருக்கோ உரியதாக இருக்கலாம். வருவாய்த் துறைப் பதிவேடுகளில் இது தெரியவரும்.

2. இடிக்கும் முன்பே பதிவு செய்தல். ஒளிப்படம், அளவுப்படம், பழைய ஆவணங்கள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். கார்ல்டன் டேவர்ன் மீண்டதற்கு இத்தகைய பதிவே துணையாயிற்று. பள்ளி மாணவர்களும் இதைச் செய்யலாம்.

3. ஊழியரும் வாடிக்கையாளரும் இணைதல். ஊழியர் மட்டும் கேட்டால் அது வேலைப் பிரச்சினையாகவும், வாடிக்கையாளர் மட்டும் கேட்டால் அது பழம்பெருமைப் பேச்சாகவும் ஒதுக்கப்பட்டுவிடும். கொல்கத்தாவில் இருவரும் சேர்ந்தனர்.

4. சட்டப்படியான அமைப்பு. கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை போன்ற ஓர் அமைப்பின் பெயரில்தான் இடத்தை வாங்கவோ குத்தகை எடுக்கவோ முடியும். கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுள்ளது.

5. நாள்தோறும் நடத்தும் செலவு. மீட்ட மறுநாளும் பால் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், கூரையைச் செப்பனிட வேண்டும். காப்பாற்றக் கையெழுத்திட்டவர்கள் பிறகு அங்கே வந்து காபி குடிக்காவிட்டால் கடை நிலைக்காது.

மதிப்பீடு

காபி ஹவுஸ்களுக்கு இன்று பல நெருக்கடிகள் உள்ளன. மேசை நாற்காலிகள் பழையவை. குளிரூட்டிய புதிய கடைகள் இளைஞர்களை ஈர்க்கின்றன. விலையைக் குறைவாக வைத்துக்கொண்டே ஊழியருக்கு நியாயமான ஊதியமும் தர வேண்டியுள்ளது. சில கிளைகள் மூடப்பட்டுள்ளன. ஆயினும், லாபமில்லை என்று 1950களில் கைவிடப்பட்ட ஒரு கடைத்தொடர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதன் ஊழியர்களாலேயே நடத்தப்பட்டு வருவது இந்தியக் கூட்டுறவு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

தமிழகத்துச் சிற்றூர்களில் சாலை விரிவாக்கத்துக்காகவும் வணிக வளாகத்துக்காகவும் பழைய சாவடிகளும் மடங்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றுள் எல்லாவற்றையும் காக்க இயலாது. எல்லாமே காக்கத்தக்கவையும் அல்ல. எதைக் காப்பது என்பதை ஊரார் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படிக் கூடிப் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்பதே இவ்வரலாறு நினைவூட்டுவது.